கிளினிக் நாள் மாத்திரை

2024 ஜூன் 11, செவ்வாய்

இன்று கிளினிக். காலை நாலரைக்கு மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டோர்ச் என் கையில், கிளினிக் கொப்பி இரண்டும் என் பையில், வயிறு இரண்டு பேருக்கும் காலி. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் இருபதுக்குள் நம்பர் கிடைக்கும். பதினேழும் பதினெட்டும் கிடைத்தது.

மதினிக்கு 170/100.

"எவ்வளவு புள்ள போட்டிருக்கு?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொப்பியில் எழுத்து இருக்கிற பக்கம் எது, வெறும் பக்கம் எது என்றுகூடத் தெரியாது. சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக் கண் டொக்டர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். பிரசர் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கிளினிக்கில் கடிதம் வாங்கி வந்தால்தான் ஒப்பரேசன்.

என் கொப்பியில் என்ன போட்டார்கள் என்பது கிடக்கட்டும்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் முப்பத்திரண்டு வருடம் பார்த்தேன். தினமும் கொப்பி எழுத வேண்டும். எத்தனை பிள்ளை வந்தது, எது பால் குடித்தது, எது கக்கியது. வேலை நின்று ஏழு வருடமாகியும் கை எழுதாமல் இருக்க மாட்டேன் என்கிறது. இப்போது என் பொறுப்பில் ஒரே ஒரு பிள்ளை. வயது அறுபத்தெட்டு. பெயர் மீனம்மா. செத்துப்போன என் அண்ணனின் மனைவி.

ஜூன் 12

உப்புப் போத்தலை ஒளித்துவிட்டேன். எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை. மதினியால் வாசிக்க முடியாதுதான். ஆனாலும்.

ஜூன் 16, ஞாயிறு

குவைத்திலிருந்து சர்மிளா பேசினாள். மதினியின் ஒரே மகள். ஆறு வருடமாக ஒரு வீட்டில் வேலை. இந்தத் தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டதாம், கட்டாயம் வருகிறாளாம்.

போனை மதினியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். வழக்கம்போல "மெலிஞ்சு போயிட்டியே" என்றார். சர்மிளா நன்றாகப் பூசினாற்போலத்தான் இருக்கிறாள். நான் மதினியின் காதுக்குள் "பச்சைச் சட்டை" என்று சொன்னேன். உடனே, "பச்ச ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பிள்ளை சிரித்தது. அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் மாறி மாறி ஏமாற்றுகிறார்கள், நடுவில் நான் ஒரு தரகர்.

போனை வைத்த பிறகு மதினி சொன்னார்: "அவ வர்றதுக்குள்ள ஒரு கண்ணாவது தொறந்துரணும் பூரணி. கேக்குற மகளா இல்லாம, பாக்குற மகளா வேணும்."

ஜூன் 23

அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள் என்று பின்னேரம் கோயில் வளைவு வரை கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் புலம்பல். "நாப்பது வருசம் கூடையோட மல ஏறி எறங்குனவ நான். எனக்கு நடக்கச் சொல்லி டொக்டரு எழுதிக் குடுக்கணுமா?"

திரும்பும்போது அவரே சொன்னார், கால் கொஞ்சம் இளகினாற்போல இருக்கிறதாம். நாளைக்கும் போகலாமாம்.

ஜூலை 3

உப்புக் குறைத்த ரொட்டி. மிளகாய் இடித்த கட்டச்சம்பலுக்கு உப்புக்குப் பதில் தேசிக்காய்ப் புளி கூடுதலாக. மதினி வாயில் வைத்துவிட்டு, "இது சம்பலா, தேசிக்காய்க்குப் பொறந்த புள்ளையா?" என்றார். ஆனால் சாப்பிட்டார். கருவாடு இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று வாரம்.

எனக்கும் வாய் செத்துத்தான் போயிருக்கிறது. சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

180/100. ஏறியிருக்கிறது.

டொக்டர் இளம் ஆள். சிங்களத்தில், மருந்தெல்லாம் ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேட்டார். "ஔ", ஆமாம் என்றேன். உண்மைதானே. ஒரு நாள் தவறுவதில்லை, நானே எண்ணிக் கையில் வைக்கிறேன். உப்பு? குறைத்தாயிற்று என்றேன். அவர் மதினியைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுத்தார். கடிதம் இல்லை.

வரும் வழியில் பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் மதினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 12

பிடித்துவிட்டேன். மத்தியானம் பின்பக்கத்து இராசம்மா வீட்டு அடுப்படியிலிருந்து மதினி சுவரைத் தடவித் தடவி வெளியே வருகிறார். சேலையெல்லாம் கருவாட்டு வாடை. இராசம்மா வீட்டார் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சிக்குப் பதில் கருவாடு பொரிப்பார்கள், தவக்காலத்துச் சிலுவைப்பாதை நாட்களில் மட்டும்தான் விலக்கு.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மாதமாக உங்களுக்காக நான் வாய் செத்துக் கிடக்கிறேன், நீங்கள் பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு வருகிறீர்களா, மகளைப் பார்க்க வேண்டுமா கருவாட்டைப் பார்க்க வேண்டுமா என்று.

"நா திங்கல புள்ள."

"வாடை அடிக்குது மதினி."

"நா திங்கல."

இவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஜூலை 13

பேச்சில்லை.

ஜூலை 15

பேச்சு வந்தது. நான்தான் முதலில் போனேன். தேத்தண்ணி ஊற்றி வைத்து, "ஆறுது" என்றேன். குடித்தார். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், தின்றது அவர்.

ஜூலை 28

கந்தப்பளையிலிருந்து கரட்டும் லீக்சும் மலிவாகக் கிடைத்தது. ஒரு வாரத்துக்கு மரக்கறிதான். மதினி சொல்கிறார், இப்படியே போனால் தீபாவளிக்கு சர்மிளா வரும்போது வீட்டில் இரண்டு முயல்தான் இருக்குமாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

190/110.

டொக்டர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். காலை மாத்திரை இரண்டு மடங்கு, இரவுக்குப் புதிதாக ஒன்று. இப்படியே போனால் கண்ணைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மூளையில் நரம்பு வெடித்துவிடும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் மதினிக்குப் பாதியைத்தான் தமிழில் சொன்னேன். மீதிப் பாதியும் அவருக்குச் சிங்களத்திலேயே விளங்கியிருக்கும், நாற்பது வருடம் தோட்டத்துப் பெரியதுரையும் சின்னதுரையும் பேசிக் கேட்ட காது.

ஏன் ஏறுகிறது? எங்கே உப்பு? என்னதான் நடக்கிறது இந்த வீட்டில்?

ஆகஸ்ட் 9

எழுந்து நின்றால் மதினிக்குக் கண்ணைக் கட்டுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரசர் ஏறித்தான் தலை சுற்றுகிறது - வேறென்ன? படுக்க வைத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் இன்னும் மோசம். எழுந்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார். கை குளிர்ந்திருந்தது. பிரசர் எகிறுகிறது என்று நினைத்து, இரவில் போட வேண்டிய மாத்திரையையும் காலை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது மதினி தானாகவே பீலிக்கு, தண்ணீர் விழும் அந்த வழுக்குப் பாறைக்கு, முகம் கழுவ வந்திருக்கிறார். சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கீழே கிடக்கிறார். நெற்றி பிளந்து இரத்தம் தண்ணீரோடு ஓடுகிறது.

ஐயோ மதினி. ஐயோ.

லயத்து வரிசை வீட்டு ஆட்கள் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். நெற்றியில் ஏழு தையல். இடது மணிக்கட்டில் வெடிப்பு. வார்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், உடுப்பு எடுத்துப்போக. வார்டில் பிரசர் பார்த்தார்கள். 92/58.

தொண்ணூற்றிரண்டு. எழுதியதைத் திரும்பவும் பார்க்கிறேன். நான் பிழையாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

வார்டில் லோஜினி என்று ஒரு நர்ஸ். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, நம்முடைய தமிழ். மதினியின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கிளினிக்கில் நூற்றுத்தொண்ணூறு, நாலு நாள் கழித்து வீட்டிலிருந்து தூக்கி வந்தால் தொண்ணூற்றிரண்டு, இது என்ன கணக்கு என்று டொக்டரிடம் கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, கிளினிக்குக்கு வர்ற அன்னிக்குக் காலையில மாத்திர போட்டுட்டுத்தானே வர்றீங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். பெருமையாக! "இல்ல மிஸ். நாங்க ஒழுங்கு தவற மாட்டோம். வெறும் வயித்தோடதான் வருவோம். மாத்திரயும் வீட்டுக்குத் திரும்பித்தான்."

அவள் கொப்பியை மூடினாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாக விளங்கப்படுத்தினாள். முதல் நாள் காலை போட்ட மாத்திரையின் சக்தி மறுநாள் காலையில் குறைந்திருக்கும். அதோடு பசி, குளிரில் இரண்டு மைல் இறக்கம், பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம், வந்ததும் வராததுமாகக் கையில் பட்டியைச் சுற்றினால் இலக்கம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்து டொக்டர் மாத்திரையைக் கூட்டுவார். வீட்டில் மற்ற நாட்களில் கூட்டின மாத்திரையெல்லாம் ஒழுங்காக உள்ளே போனால் பிரசர் அடிமட்டத்துக்கு இறங்கும். கண்ணைக் கட்டும். விழுவார்கள்.

"உப்புல பெரிய பிழை இருக்கிற மாதிரி தெரியல. அவங்க சரியாத்தான் இருந்திருக்காங்க அம்மா," என்றாள்.

வெறும் வயிறு சீனிக்கு இரத்தம் எடுக்கிற நாளுக்கு மட்டும்தானாம். பிரசர் மாத்திரையை எந்த நாளும் விடக் கூடாதாம். அன்றைக்கு நான் சேர்த்துக் கொடுத்த இரவு மாத்திரையையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. தலை சுற்றினால் முதலில் பிரசரைப் பார்க்க வேண்டும், மாத்திரையைக் கையில் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் உடுப்பு எடுக்க வந்தபோது இராசம்மா வாசலில் நின்றாள். மதினி எப்படி என்று கேட்டு அழுதாள். பிறகு தானாகவே சொன்னாள்: "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீ சுட்ட உப்பில்லாத ரொட்டிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு எங்க அடுப்படிக்கு வரும். கருவாடு பொரியிற எடத்துல உக்காந்து, அந்த வாசத்தோட ரொட்டியத் திங்கும். ஒரு துண்டு குடுத்தாலும் வாங்காது. பூரணிக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொல்லும்."

நா திங்கல புள்ள.

ஆகஸ்ட் 12

வார்டில் மதினியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் மேல்தான் பிழை மதினி, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று. தலைக்கட்டோடு படுத்திருந்தார். "ரொம்ப நேரமாக் கையப் புடிச்சுக்கிட்டிருக்க. என்ன, நா சாகப் போறேனா?" என்றார். நான் அழுதேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

ஆகஸ்ட் 14

மதினி வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரைகளைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15

பழைய கொப்பிகளை இறக்கினேன். தேடியது கிடைத்தது.

2017 மார்ச். என் கையெழுத்து. "நாளை தோட்டத்தில் சீனிப் பரிசோதனை முகாம். சாப்பிடக் கூடாது. மாத்திரையும் இரத்தம் எடுத்த பிறகு. பதினாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்."

இதுவரை பிழையில்லை. இதற்கு அடுத்தது கொப்பியில் இல்லை, ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் மாதக் கிளினிக். பீலிக்கரையில் வைத்துக் கேட்டார்கள், "ஆயம்மா, இந்தக் கிளினிக்குக்கும் அப்படித்தானா?" என்று. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல என் வாய் பழகவில்லை. பிள்ளைக் காம்பரா ஆயம்மா அல்லவா, ரெயினிங் வகுப்பெல்லாம் போனவள். "எல்லாக் கிளினிக்குக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ஏழு வருடம். மேல் லயத்தில் பிரசர் கொப்பி வைத்திருக்கிறவர்கள் பதினோரு பேர். எல்லோரும் கிளினிக் நாள் காலையில் மாத்திரையைத் தொடுவதில்லை. ஒருவரும் டொக்டரிடம் கேட்கவுமில்லை. அதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். சட்டம் போட்டவள் நான்.

ஆகஸ்ட் 16

போன வருடம் சின்னத்தம்பி அண்ணன் படியில் விழுந்து இடுப்பு முறிந்ததே. அப்போதும் அவருக்கு மாத்திரை கூட்டியிருந்தார்களா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். மதினி பின்னாலிருந்து, "நீ போறியா, நா போய்ச் சொல்லவா? குருட்டுக் கெழவி, கைய ஒடைச்சுக்கிட்டவ, நா சொன்னா எல்லாரும் கேப்பாங்க," என்றார். போனேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். நான் சொன்னது பிழை. கிளினிக் நாளும் மாத்திரை போடுங்கள், இரத்தம் எடுக்கும் நாள் என்றால் முன்கூட்டியே அவர்களே சொல்வார்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு கையைக் கொடுங்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி, அப்போது ஏழு வருடம் பட்டினி கிடந்தது சும்மாவா ஆயம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பதில் எனக்குப் புதிது.

கடைசியாகச் சின்னத்தம்பி அண்ணன் வீடு. இஸ்தோப்புத் திண்ணையில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்ததற்கு நான்தான் காரணமாக இருக்கலாம் என்பதையும் சொன்னேன். வெற்றிலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"இருக்கலாம்," என்றார். "இல்லாமலும் இருக்கலாம். அந்தப் படியும் மோசமான படிதான்." பிறகு, "ஆனா பூரணி, கிளினிக்குங்கிற எடத்துக்கே என்னைய இழுத்துக்கிட்டுப் போனவ நீதானே. எங்கப்பன் வாதத்துல விழுந்தான், எங்கண்ணன் வாதத்துல விழுந்தான். நா இடுப்பு ஒடஞ்சு உக்காந்திருக்கேன், வாய் கோணாம வெத்தல போடுறேன்," என்றார்.

மன்னித்தாரா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. போகும்போது ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20

என் மாத்திரையை இன்று முதல் பாதியாக உடைத்துக்கொள்கிறேன். மதினி விழுந்த மாதிரி நானும் விழுந்தால் அவரை யார் பார்ப்பது? பாதி போதும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நாலரைக்கு மாத்திரை, ஒரு ரொட்டி, அரைக் கோப்பை தேத்தண்ணி. டோர்ச் வெளிச்சத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இறங்கியது திருவிழாவுக்குப் போவதுபோல இருந்தது. வரிசையில் இராசம்மா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள், சம்பல் வாடை கிளினிக் முழுக்க. காவல்காரர் முறைத்தார்.

மதினியை வாங்குப் பலகையில் உட்கார வைத்தேன். பேசக் கூடாது என்றேன். அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

138/86.

"எவ்வளவு புள்ள?"

சொன்னேன். நம்பவில்லை. நர்ஸிடமும் ஒரு தரம் கேட்டார். பிறகு உடைந்த கையைத் தூக்கிக் கும்பிடப் போய், வலித்து, இறக்கிக்கொண்டார். கடிதம் கிடைத்தது. செப்டம்பர் 26, வலது கண்.

செப்டம்பர் 25

நாளைக்கு ஒப்பரேசன். காலை மாத்திரை போடுவதா வேண்டாமா? எனக்குத் தெரியும் என்று நினைப்பதை எல்லாம் விட்டுவிட்டு, வார்டில் தந்த நம்பரில் லோஜினிக்குப் போன் போட்டுக் கேட்டேன். போடச் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்துக் கேட்டேன். மூன்றாம் தரம் அவளே, "அம்மா, போடுங்க," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போகும்போது என் கையை விடாமல் பிடித்திருந்தார், அவர்கள்தான் பிரித்துவிட்டார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். இராசம்மாவின் மாதாவையும் விடவில்லை.

செப்டம்பர் 27

கட்டை அவிழ்த்தார்கள். மதினி என்னை வெகுநேரம் பார்த்தார். நான் ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் கன்னத்தைத் தொட்டு, "ஒங்கண்ணன் சாயல்," என்றார். "மறந்தே போச்சு."

செப்டம்பர் 28

கிண்டல் இன்று வந்தது. வீட்டுக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தார். அடுப்புக்கு மேலே, தட்டில், சீனி டப்பாவுக்கும் தேயிலை டப்பாவுக்கும் நடுவில், பட்டப்பகலில், உப்புப் போத்தல்.

"அடியே. இங்கதானா இருந்துச்சு மூணு மாசமா?"

அங்கேதான் இருந்தது. இடத்தை மாற்றியதே போதும், ஒளித்து வைக்கத் தேவைப்படவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துச் சிரித்து, புதுக் கண்ணில் தண்ணீர் வந்து, தேய்க்கக் கூடாது என்று நான் கத்தி, ஒரே ரகளை. போத்தல் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அவர் தொடுவதில்லை.

அக்டோபர் 5

மதினி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். மலையில் பறிக்கும் பிள்ளைகள் முற்றல் இலையையும் சேர்த்து ஒடிக்கிறார்களாம். இங்கிருந்தே தெரிகிறதாம். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மாத்திரைகளைத் தானே எடுத்துக்கொள்வேன் என்று மதினி பிடிவாதம். சரி என்றேன். இருவர் டப்பாவும் ஒரே தட்டில்தான் இருக்கிறது. நான் வாசல் கூட்டிவிட்டு வரும்போது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கடதாசி. அதில் என் டப்பாவிலிருந்து எடுத்த பாதித் துண்டுகள். வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஐம்பதுக்கும் மேல்.

"இது என்ன பூரணி?"

தலைவலிக்கு ஒரு மாத்திரை, அதை உடைத்தேன் என்று ஏதோ சொன்னேன். ஒரு தரம் பொய் சொன்னேன், இரண்டாம் தரம் வரவில்லை. பயம் மதினி, என்றேன். நீங்கள் விழுந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது, நானும் விழுந்துவிட்டால் உங்களுக்கு யார் என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாதித் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒம்பாட்டுக்கு நீயே ஒரு சட்டம் போட்டுக்கிட்ட. மறுபடியும்." பிறகு துண்டைக் கடதாசியில் திரும்ப வைத்தார். "எனக்கு வீட்டுல ஒருத்திதான் இருக்கா புள்ள. அவளப் பாதி பாதியா ஒடைக்காத."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். விரலை வைத்து வைத்து இலக்கங்களைக் கண்டுபிடித்தார், அந்தக் காலத்தில் இரண்டாம் வகுப்புவரை படித்தவர். செப்டம்பரில் 168/100 என்று இருந்தது. இங்கே எழுதவில்லை. ஒரு தரம்கூட என் இலக்கத்தை நான் இங்கே எழுதியதில்லை.

அக்டோபர் 14

லோஜினியிடம் கேட்டோம். தானாகக் குறைப்பதும் பிழை, தானாகக் கூட்டுவதும் பிழை. நேற்றுவரை போட்ட பாதியைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி, பிரசர் பார்த்துக்கொண்டே முழு மாத்திரைக்கு வரச் சொன்னாள். மதினி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வழியெல்லாம், இங்கே கல், இங்கே ஓடை என்று சொல்லிக்கொண்டே. எனக்குக் கண் தெரியும் மதினி என்றேன். "தெரிஞ்சா சரி," என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

சர்மிளா வந்துவிட்டாள். வேன் பீலி வளைவில் நின்றதும் மதினி யாரையும் பிடிக்காமல் இறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி வெயில் பக்கம் திருப்பினார். மெலிஞ்சு போயிட்டியே என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காதோரத்து முடியை விலக்கி, "நரைச்சிருச்சு," என்றார். சர்மிளாவுக்கு நாற்பத்தொன்று. அவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். மதினி அழவில்லை. "பிரசர் பாத்தியா நீ?" என்று கேட்டார்.

அக்டோபர் 29, செவ்வாய்

கிளினிக்.

நான் எழுந்தபோது மதினி அடுப்பின் முன்னால் இருந்தார். ரொட்டி வெந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கையை விரித்து ஒரு மாத்திரையை வைத்தார். முழு மாத்திரை. தண்ணீர்க் கோப்பையையும் தந்துவிட்டு, டோர்ச்சை என் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டு, விழுங்கும்வரை நின்றார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். பிள்ளைக் காம்பராவில் நான் பிள்ளைகளிடம் கேட்பதுபோல. திறந்து காட்டினேன். சர்மிளா போர்வைக்குள் இருந்து சிரித்தாள். பிறகு அவளையும் எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

வரிசையில் பதினோரு பேரும் சாப்பிட்டார்கள். சின்னத்தம்பி அண்ணன் ஓட்டோவில் வந்திருந்தார்.

மதினிக்கு 134/82. இடது கண்ணுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

மதினி என்னை வாங்கில் உட்கார வைத்தார். பேசக் கூடாது என்றார். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். கையில் பட்டியைச் சுற்றினார்கள், கொப்பியில் எழுதினார்கள். அவசரத்தில் நான் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"எவ்வளவு மதினி போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

கொப்பியை எட்டப் பிடித்து, விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார்.

பூரணி: 136/84.